தட்டான் படத்தில் ஒரு பட்டை

சித்திரை வெயிலில் குற்றாலத்துக்குக் குடிபோனவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். அருவியில் தண்ணீர் இல்லை. பாறையின் மேல் ஓர் ஈரக்கோடு இறங்கும், அவ்வளவுதான். அதில் முகம் கழுவக்கூட முறை வைத்து நிற்க வேண்டும். கடைகள் பலகை போட்டு அடைத்திருந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கினார்கள். சீசனுக்கு நாள் கிடந்ததால்தான் எங்களுக்கு அந்த இரண்டு அறை வீடு மலிவாகக் கிடைத்தது. "சாரல் விழுந்த அன்னைக்கே காலி பண்ணிரணும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்தார்.

ஐம்பதுகள் முடிகிற சமயம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. என் கணவர் தென்காசிக் கோர்ட்டில் குமாஸ்தா. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தார்கள். அதற்காக நாங்கள் உல்லாசமாகக் காற்று வாங்க வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு டி.பி. என்று சொல்லியிருந்தார்கள்.

பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. கூட வந்த இருமல் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தென்காசி டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் திருநெல்வேலிக்குப் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீ கொஞ்சம் வெளியே இரும்மா" என்றார். ஆனால் நான் வெளியே போகவில்லை. "என் சீக்கை எனக்குத் தெரியாம பேசுவியளோ?" என்று அங்கேயே நின்றேன். அவரும் மறைக்கவில்லை. வலது நெஞ்சின் மேல்பக்கம் பட்டையாக ஒரு வெள்ளை நிழல் விழுந்திருந்தது. சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் அந்த நிழலை அவரால் ஒதுக்க முடியவில்லை. தினம் ஊசி, பால், முட்டை, காலையில் நல்ல காற்றில் நடை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம். நிழல் வளர்ந்திருந்தால் சானடோரியம். அதுவரை குழந்தை என் பக்கத்தில் வரக் கூடாது.

குழந்தைக்குப் பத்து மாதம். என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தவள். மறுநாள் காலை, ஆலங்குளத்திலிருந்து என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, பஸ்ஸில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மதினிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை; புருஷன் வியாபாரத்துக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். குழந்தை அவர் தோளில் சிரித்துக்கொண்டே போனாள். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பால் கட்டிக்கொண்ட வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதைப் பிழிந்து சாக்கடையில் ஊற்ற வேண்டியிருந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. டாக்டர் மேல் ஆத்திரம், சாமி மேல் ஆத்திரம், என் கணவர் அன்றைக்கும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார் என்று அவர் மேலும் ஆத்திரம்.

குற்றாலத்துக்கு வந்த பிறகும் நான் நடக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நாலாவது நாள் இவர் தன்னுடைய பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. குனிந்து மேலிருந்து பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை, உள்ளே எட்டுப் படத்துக்கு ஃபிலிம்.

"ஏட்டி, எட்டுப் படம் இருக்கு. எட்டையும் எடுத்துட்டு வா."

"இந்த ஊர்ல யாரைப் புடிக்க? ஆளே இல்லையே."

"ஆள் எதுக்கு? குரங்கைப் புடி."

"அதைத்தான் தெனம் வீட்டுக்குள்ளயே பாக்குதேனே" என்றேன். இவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன். உடனே இருமல் வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளெனவே ஐந்தருவிப் பாதையில் நடந்தோம். ஓடை வற்றி அங்கங்கே குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஒரு குட்டையின் ஓரத்தில், ஈர மணலில், யாரோ மஞ்சள் பூவைக் கொட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டே போனேன். அத்தனையும் எழுந்து பறந்தன. வண்ணாத்திப்பூச்சிகள்! நாங்கள் அசையாமல் நின்றதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து மணலை உறிஞ்சின. மஞ்சளுக்கு நடுவே கறுப்பு இரண்டு. அவற்றின் இறக்கையில் நீலமாக ஒரு பட்டுக்கரை. அப்படி என்னதான் ருசி அந்த மணலில் என்று கேட்டேன். "எருமை மூத்திரம் பேஞ்ச எடம்ட்டி" என்றார் இவர். சீ என்றாகிவிட்டது. ஆனாலும் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து, எட்டுப் படத்தையும் அரை மணி நேரத்தில் எடுத்துத் தீர்த்துவிட்டேன்.

ஃபிலிமைத் தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தோம். அதை நடத்தியவர் ஒரு பாய். நாற்பது வயது இருக்கும். பெண்களிடம் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். எட்டுப் படமும் வெறும் புகையாக வந்திருந்தன. எனக்கு வந்ததே கோபம்!

"கேமரா மேல தப்பில்லே தங்கச்சி" என்றார் பாய், தரையிடம். "இது தள்ளி நிக்கிற ஆளைப் புடிக்கதுக்குச் செஞ்சது. ஆறடிக்கு இங்கன எது வந்தாலும் கலங்கிரும்."

"ஆறடி தள்ளி நின்னா பூச்சி கடுகளவுல்லா தெரியும்?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. வெள்ளெழுத்துக் கண்ணாடி பழசு இருந்தா ஒரு சில்லைக் கழட்டி முன்னால ஒட்டுங்க. பூச்சி ரெண்டு சாண் தூரத்துல இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

கோர்ட்டில் வேலை பார்த்த வயதான எழுத்தர் ஒருவரின் உடைந்த கண்ணாடியை இவர் வாங்கி வந்தார். கோர்ட்டுக் கவருக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி, அந்தச் சில்லைக் கேமராவின் முகத்தில் ஒட்டினார். இரண்டு சாண் நூலில் முடிச்சுப் போட்டுக் கேமராவில் கட்டிவிட்டது நான். நூலின் முடிச்சு எட்டுகிற இடத்தில் பூச்சி இருந்தால் விசையை அழுத்தலாம். இருக்குமா? வண்ணாத்திப்பூச்சி என் நிழல் பட்டாலே போய்விடும். அதனால் வெயிலை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து போகப் பழகினேன். காலையில் வெயில் மரங்களைத் தாண்டி இறங்குகிற நேரம், அவை இறக்கையை விரித்துச் சூடு காயும். அந்தக் கால் மணி நேரம்தான் கணக்கு. சேலையெல்லாம் சேறு. பாதையில் விறகு சுமந்து போன பெண்கள் நின்று பார்த்து, "பாவம், தலைக்கு ஏறிட்டு போலிருக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள்.

தட்டான் இன்னும் மோசம். இந்தக் குச்சியில் உட்காரும், போனால் எழும்பிவிடும். அடுத்த குட்டைக்கு ஓடினால் அங்கே இல்லை. "சவத்து மூதி, ஒரு நிமிசம் நில்லேன்" என்று நான் கத்தியதில் மரத்தடியில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு நாள் துரத்திய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைத் துரத்த வேண்டியதே இல்லை. அந்தச் சிவப்புத் தட்டான் எங்கே போனாலும் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத்தான் வந்தது. குச்சியிலிருந்து இரண்டு சாண் அளந்து உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏற ஏற அது வாலைத் தூக்கியது; உச்சி நேரத்தில் தலைகீழாக நிற்கிற மாதிரி வாலை நேரே சூரியனுக்குக் காட்டியது. உடம்பில் வெயில் குறைவாகப் படட்டும் என்று அப்படிச் செய்கிறது போலும். இவர் குடை பிடித்துக்கொண்டு எட்ட நின்றார்.

அப்படி மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்கிற நேரத்தில் குழந்தையின் நினைப்பு வராது. வீட்டுக்கு வந்து சேலையில் சேற்றைக் கழுவும்போது வரும். பெற்றவள் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிள்ளையை மறந்து ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று வெட்கமாக இருக்கும். மறுநாள் விடிந்தால் நான்தான் முதலில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

இரண்டாவது ஃபிலிம் கழுவி வந்த அன்று, இரண்டு பேருமாகப் பஸ்ஸில் தென்காசிக்குப் போனோம். மூன்று படம் அருமையாக வந்திருந்தது. வால் தூக்கிய தட்டானின் இறக்கையில் நரம்பெல்லாம் தெரிந்தது. "ரத்தச் சிவப்பா இருந்ததை சாம்பலாக்கிட்டியளே" என்று அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன். மீதி ஐந்து படத்தில் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கறுப்புப் பட்டை. தடியாக, கலங்கலாக, பாதிப் பூச்சியை மறைத்துக்கொண்டு.

"ஃபிலிமைக் கெடுத்துப்புட்டியளா பாய்?"

பாய் என் கணவரைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். இவர் குபீரென்று சிரித்தார்.

"ஏட்டி, அது ஒன் சடை. நீ குனியும்போது தோள்ல இருந்து சரிஞ்சு கேமராவுக்கு முன்னால தொங்கியிருக்கு. பார்க்கிற கண்ணாடி வேற எடத்துல இருக்கதால ஒனக்குத் தெரியலை. அதை ஒங்கிட்ட சொல்ல பாய்க்குக் கூச்சமா இருக்காம்."

எனக்கு முடி இடுப்புக்குக் கீழே வரும். கைப்பிடியில் அடங்காத சடை. இருந்தாலும் நான் நம்பவில்லை. அப்போது பாய் அந்த நெகட்டிவை எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஃபிலிம்ல ஒரு கீறல்கூட இல்லே, பாருங்க தங்கச்சி. கறுப்பா இருக்கது இதுல வெள்ளையாத் தெரியும். அவ்வளவுதான்."

பார்த்தேன். மங்கிய ஃபிலிமில் ஒரு வெள்ளைப் பட்டை, மேலிருந்து கீழாக இறங்கியது. அந்தப் பட்டையை நான் முன்பே பார்த்திருந்தேன். டாக்டர் வீட்டு ஜன்னலில் பார்த்திருந்தேன்.

"வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம தென்காசி வீட்டுக்குத்தான். வாங்கன்னா வாங்களேன்!"

போகிற வழியெல்லாம் அந்த எக்ஸ்ரே அறைதான் கண்ணுக்குள் நின்றது. படம் எடுத்தவன் ஓர் இளவட்டம். ரவிக்கையைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொள்ளச் சொன்னான். அதற்கே எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பிறகு, கழுத்தில் தங்கம் எதுவும் இருக்கக் கூடாது, தாலியையும் கழற்றுங்கள் என்றான். நான் ஆடிவிட்டேன் ஓர் ஆட்டம். தாலியைக் கழற்றுவதாவது! கால் மணி நேரச் சண்டைக்குப் பிறகு, தாலியைத் தூக்கி வாயில் கவ்விக்கொள்வது என்று முடிவாயிற்று. அவனுடைய கவனமெல்லாம் தாலி மேலேயே இருந்தது. எனக்கோ அந்த மெல்லிய துண்டு போதவில்லை. அவன் விளக்கைச் சரிபார்க்கத் திரும்பிய நேரத்தில், முதுகில் கிடந்த சடையை எடுத்து வலது பக்கமாக முன்னால் போட்டு நெஞ்சை மறைத்துக்கொண்டேன். அப்படியே பலகையில் மார்பை அழுத்தி மூச்சைப் பிடித்தேன். என் பின்னால் நின்றவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

டிரங்குப் பெட்டியைத் திறந்து எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னலில் பிடித்தோம். பட்டை நெஞ்சோடு நிற்கவில்லை. தோள் எலும்பைத் தாண்டி, கழுத்து ஓரத்தில் படம் முடிகிற இடம் வரைக்கும் ஏறியிருந்தது. உற்றுப் பார்த்தால் பின்னலின் மேடும் பள்ளமும் தெரிந்தது. இவர் என் சடையைப் பிடித்துத் தூக்கி, படத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

டாக்டர் முதலில் எரிந்து விழுந்தார். "இனிமே நீயே வைத்தியம் பார்த்துக்கிடு, என்ன?" என்றார். "நுரையீரல் கழுத்துக்கு ஏறுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன் நான். அவர் படத்தை மறுபடியும் ஜன்னலில் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சடை போட்ட பொம்பளைப் பிள்ளை ரெண்டு எனக்கும் இருக்கு. தோணலையேம்மா எனக்கு" என்று சொல்லிவிட்டு, உடனே போய் இன்னொரு படம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் திருநெல்வேலி பஸ் ஆலங்குளத்தில் நின்றபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மதினி வீடு பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு எட்டுதான். இறங்கிவிடுவேனோ என்று பயந்து இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரே அறையில் அதே இளவட்டம். என்னைப் பார்த்ததும் அவனே இரண்டு அடி பின்னால் போனான். நான் முடியை உச்சியில் கொண்டையாக முடிந்து, தாலியை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பலகையில் போய் நின்றேன்.

ஈரம் காயாத படத்தை அங்கிருந்த டாக்டர் விளக்கில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். "சுத்தமா இருக்கு. நெஞ்சுல ஒண்ணும் இல்லே. இருமல் தன்னால போயிரும்" என்றார். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. வெளியே வந்ததும் இவர் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்றால், "கால் வரமாட்டேங்குட்டி" என்கிறார். ஒரு மாதமாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்ட மனிதர், வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் மேலா கோபப்பட்டேன் என்று எனக்கு மனசு தாளவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஆலங்குளத்தில் நின்றது. நான் எழுந்தேன்.

"நம்ம டாக்டர்ட்ட ஒரு வார்த்தை காட்டிட்டு நாளைக்கு வரலாமே" என்றார் இவர்.

"நீங்க காட்டுங்க. நான் எறங்குதேன்."

இவரும் என் பின்னாலேயே இறங்கிவிட்டார். மதினி வீட்டில் குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கப் பழகியிருந்தாள். டம்ளரில் பால் குடிக்கப் பழகியிருந்தாள். நான் கையை நீட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மதினியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தூக்கினேன், வீடே அதிரும்படி அழுதாள். நானும் அழுதேன். "நான்தாண்டி ஒன்னைப் பெத்தவ" என்று ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையிடம் சண்டை போட்டேன்.

"சும்மா கீழ விடு. தன்னால வருவா" என்றார் மதினி. விஷயத்தை இவர் சொன்னபோது மதினி கையெடுத்துக் கும்பிட்டார். குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். நாலு சட்டைதான் நாங்கள் கொடுத்தது. பையில் பத்து இருந்தது. நான் உதவி செய்யப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதே" என்றார், சட்டையைப் பார்த்தபடியே. "நீ நல்லா வரணும்னு தெனம் வெளக்கேத்தி வேண்டிக்கிட்டேன். ரெண்டு மூணு நாளு மட்டும் வேண்டலை. மறந்து போகலை. வேணும்னேதான் வேண்டலை."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வீட்டுக் கூரை பறந்திருக்கும். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு நாளாவது வேண்டியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்தான்.

"ஒங்க சேலை நாலும் எடுத்து வைங்க மதினி" என்றேன். "நீங்களும் வாங்க. பிள்ளை எங்கிட்ட பழகுத வரைக்கும் இருங்க. அதுக்குப் பெறகும் இருங்க."

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் நாலு பேருமாக ஏறினோம். குழந்தை என்னிடம் வரவில்லை. மதினி மடியில் ஏறிப் படுத்து, பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் காலை நீட்டினாள். இரண்டு காலும் என் மடிக்கு வந்தன. தென்காசி வந்து கண்டக்டர் இறங்கச் சொல்லும் வரைக்கும் நான் அந்தக் கால்களை விடவில்லை.